நுவரெலியா ஆளிச்செடியும் சாரா உம்மாளின் கடிதங்களும்

1959ஆம் வருஷம் வைகாசியில் அன்னவாசலுக்கு எருக்குழிக் கணக்கு எடுக்கப் போனபோதுதான் சாரா உம்மாளைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதுகூடச் சரியில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து வந்த குரலைத்தான் முதலில் கேட்டேன். கிராம சேவக் வேலையில் சேர்ந்து அப்போது நாலு மாதம். எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், தாவரவியல் பி.எஸ்ஸி. கேட்டவர்களிடமும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன். அந்தக் கதவிடமும் சொன்னேன்.

"அப்ப எருக்குழி கெடக்கட்டும் தம்பி. கொல்லைப்பக்கம் வாங்க. ஒரு செடி ஏன் சாகுதுன்னு சொல்லிட்டுப் போங்க" என்றது குரல்.

பக்கத்து வீட்டில் மாடு வைத்துப் பால் ஊற்றும் பிச்சையம்மாளையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டபடி, ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் முன்னால் நடந்தார். கொல்லையில் இரண்டு மண்சட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சாண் உயரச் செடி. கம்பி போல மெல்லிய தண்டு, அதில் சீரகத்தை ஒட்டவைத்த மாதிரி நெருக்கமாகக் குட்டி இலைகள். எனக்கு அது என்ன செடி என்று தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனசு வரவில்லை. "ரெண்டு வேளை தண்ணி ஊத்துங்க. ஒரு சிட்டிகை அமோனியம் சல்பேட் போடுங்க. சரியாயிரும்" என்றேன்.

பத்து நாள் கழித்துப் போனேன். ஒரு சட்டி காலியாக இருந்தது.

"தம்பி, ஒங்க படிப்ப ஒரு செடியிலதான் வச்சுப் பாத்தேன். நல்லவேளை. வேற படிப்பு ஏதாவது கொண்டாந்திருக்கீங்களா?" என்றார் சாரா உம்மாள். கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. அதனால்தான் பிறகும் பல தடவை அந்த வீட்டுக்குப் போனேன். இனிச் சொல்வதில் பாதி நான் பார்த்தது, மீதி அந்த வீட்டார் சொன்னது.

சாரா உம்மாளுக்கு ஊரில் 'ஏன் அக்கா' என்று ஒரு பெயர் உண்டு. சின்ன வயதிலேயே கணவரை இழந்து, பிள்ளைகுட்டி இல்லாமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். ஓதப் படித்தவர், அரபு எழுத்தில் தமிழ் எழுதுவார். வேலை முடிந்தால் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். பீர்க்கம்பூ ஏன் சாயங்காலம் விரிகிறது, பூசணிப்பூ ஏன் விடியலில் விரிகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். எறும்புச் சாரையின் குறுக்கே ஒரு துரும்பைப் போட்டுவிட்டு, அது என்ன செய்கிறது என்று அரை மணி நேரம் குனிந்திருப்பார். "எறும்பு வேலைக்குப் போகுது. நீ அத வேடிக்கை பாக்கிறதயே வேலையா வச்சிருக்கே" என்பார் பிச்சையம்மாள்.

அந்த வீட்டில் கூட இருந்தது தம்பி மனைவி பரக்கத் நிஷா. தம்பி முகம்மது சுல்தான் இலங்கையில் நுவரெலியாவில் மளிகைக் கடை வைத்திருந்தார். 1953இல் கடைசியாக ஊருக்கு வந்தபோது, தேயிலை டப்பாவுக்குள் காகிதப் பொட்டலமாக ஒரு கைப்பிடி விதை கொண்டுவந்தார். பழுப்பாக, தட்டையாக, வழவழவென்று இருந்தது.

"இது ஆளிவிதையில்ல? கட்டிக்கு அரைச்சுப் போடுறது. நாட்டுமருந்துக் கடையில கெடைக்கிறத எதுக்குக் கப்பலேத்திக் கொண்டாந்தே?" என்று கேட்டார் அக்கா.

"அந்தச் சாதிதான்க்கா, ஆனா இது பூவுக்கு வைக்கிறது. அங்க தொரை பங்களாவுல இருக்கு. மருந்து ஆளி ஒரு வெள்ளாமையோட செத்துரும். இது வேர் புடிச்சிருச்சுன்னா நாலஞ்சு வருசத்துக்கு அதுபாட்டுக்குப் பூக்கும். நீலம்னா நீலம், ஆகாசத்தப் பிச்சுப் போட்ட மாதிரி."

அவர் கப்பலேறிப் போன பிறகு சாரா உம்மாள் ஆடிப்பட்டத்தில் விதைத்தார். எந்த விதையானாலும் நம் பக்கத்தில் அப்படித்தானே. முளைத்தது. சித்தன்னவாசல் பாறையிலிருந்து அடித்த ஆவணி வெக்கையில் பத்தே நாளில் கருகியது. அடுத்த வருஷம் மழை ஓய்ந்து விதைத்தார், நன்றாக வந்தது. சட்டி சிறிசாகிவிட்டதே என்று பெயர்த்துத் தரையில் நட்டார். அன்று சாயங்காலமே தலை தொங்கிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் ஒரே ஆணிவேர், நடுவில் அறுந்திருந்தது. இதை இடம் மாற்றக் கூடாது என்று தெரிந்துகொண்டார். அதற்கடுத்த வருஷம் பெரிய சட்டியிலேயே போட்டு, பெயர்க்காமல் விட்டார். அதுவும் செத்தது. ஏன் என்று தெரியவில்லை.

செத்தால் செத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். விட முடியாமல் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். 1954இல் சுல்தானிடமிருந்து மனம் உடைந்த கடிதம் ஒன்று வந்தது. அங்கே இருக்க அனுமதிச் சீட்டு, அதைப் புதுப்பிக்க அலைச்சல், கடையில் வியாபாரம் இல்லை, உடம்புக்கும் முடியவில்லை. கடைசி வரியில், 'விதை முளைத்ததா, பூத்ததா' என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்த அக்காவுக்கு, ஒரு நல்ல சேதியாவது போகட்டுமே என்று பட்டது. 'பூத்துவிட்டது தம்பி' என்று எழுதினார்.

ஒரு பொய்யோடு நின்றதா? அடுத்த கடிதத்தில் தம்பி, 'எத்தனை செடி' என்று கேட்டார். 'சுவர் நெடுக நாற்பது' என்று போனது பதில். 'எப்படி இருக்கிறது?' 'பொழுது சாய்ந்து மஃரிபுக்கு அப்புறம் நானும் நிஷாவும் அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டுதான் தேத்தண்ணி குடிக்கிறோம்.' ஒரு வருஷம், 'பிச்சையம்மாள் மாடு வேலியைத் தாண்டி வந்து நாலு செடியை மேய்ந்துவிட்டது. அன்றைக்குப் பால் இளநீலமாகக் கறந்தது' என்று எழுதி, எழுதும்போதே தனியாகச் சிரித்துக்கொண்டார்.

"எழுதுறதும் நீங்க, நாளைக்கு மாட்டிக்கிறதும் நீங்க. எனக்குத் தெரியாது மச்சி" என்பார் நாத்தனாரிடம் நிஷா.

"அவன் எங்க இப்ப வரப்போறான்?" என்று சொல்லிவிட்டு அக்கா நாக்கைக் கடித்துக்கொள்வார். நிஷாவிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது.

நான் அங்கே போவதற்கு முந்திய வருஷம் பொட்டலத்தில் மிஞ்சியிருந்தது கடைசிப் பதினொரு விதை. ஐப்பசியில் அத்தனையையும் போட்டிருந்தார். அதில் வந்தவைதான் நான் பார்த்த இரண்டு செடிகள். ஒன்றை என் படிப்பு கொன்றது. இன்னொன்று ஆவணியில் மஞ்சளாகிச் சாய்ந்தது.

சாரா உம்மாள் அதைத் தூக்கி எறியவில்லை. பிடுங்கி, வேரைக் கழுவி, மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாருங்க தம்பி. தண்ணி காணாமச் செத்த செடியோட வேர் எப்புடி இருக்கும்? சுள்ளி மாதிரி முறியும். இது அவிச்ச கீரைத்தண்டு மாதிரி கொழகொழன்னு இருக்கு. மோந்து பாருங்க, வாடை வேற. வெயில்ல செத்தது இப்புடி இருக்குமா?"

"இருக்காதும்மா. இது அழுகல்" என்றேன். அதைச் சொல்லப் பட்டமே தேவையில்லை.

"அப்ப தண்ணி கூடிப்போச்சு. ஆனா நான் ரெண்டு நாளைக்கு ஒரு சொம்புதானே ஊத்துறேன்?"

அன்று முழுக்கக் கொல்லையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நடுப்பகல் தொழுகையான லுஹர் நேரம் வந்தது. நிஷா தொட்டிப் பக்கம் வந்து, பித்தளைத் தாம்பாளத்தை வைத்து ஒளு செய்தார். கை, வாய், முகம், கால் கழுவிய தண்ணீர் தாம்பாளத்தில் சேர்ந்தது. தொழுகைக்கான தண்ணீர் சாக்கடையில் போகக் கூடாது, உயிருள்ள ஒன்றுக்குப் போனால் நன்மை என்பது அந்த வீட்டுப் பழக்கம். தாம்பாளத்தைத் தூக்கி, கை எட்டுகிற தூரத்தில் இருந்த ஆளிச்சட்டியில், செடி பிடுங்கியிருந்தும் பழக்கத்தில், பக்குவமாகச் சாய்த்துவிட்டு உள்ளே போனார். அஸருக்கும் அப்படியே. மஃரிபுக்கும் அப்படியே. ஒரு நாளைக்கு ஐந்து வேளை. ஆறு வருஷமாக.

"நிஷா, இந்தச் சட்டியில எப்பயிருந்து ஊத்துறே?"

"நீங்க உசுரா வச்சிருக்கிற செடியாச்சே மச்சி. ஒங்க தம்பி குடுத்தது. அதுக்குத்தான் மொதல்ல போகணும்னு ஊத்துறேன்." நிஷாவின் முகத்தில் பெருமை.

"அதான் சாகுது புள்ள."

நிஷா ஆடிப்போய்விட்டார். "ஒளு தண்ணியில செடி சாகுமா? அப்புடிச் சொல்லாதீங்க மச்சி, பாவம். நான் நல்லதுதானே நெனச்சேன்?" கண் கலங்கிவிட்டது. தம்பி இல்லாத வீட்டில் அந்தச் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது நிஷாவுக்கு என்னவாக இருந்தது என்று சாரா உம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. அதனால் யோசித்துப் பேசினார்.

"தண்ணிய யாரு கொறை சொன்னா? இதுக்குக் குடிக்கத் தெரியல. மலைச் சரளையில பொறந்த பய, ஒரு மடக்குக்கு மேல எறங்காது. அந்தக் கருவேப்பிலையப் பாரு, எத்தன வருசமா வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. அதுக்கு மட்டும் நன்மை வேணாமா?"

அன்றிலிருந்து தாம்பாளத் தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போனது. ஆனால் காரணம் தெரிந்தபோது விதை இல்லை, செடியும் இல்லை.

நாலு நாள் கழித்து, செத்த செடியின் சட்டி மண்ணைக் கொட்டக் கொல்லைக் கடைசிக்குப் போனார் சாரா உம்மாள். பழைய குளியலறைச் சுவர் இடிந்த குவியல் அங்கே கிடந்தது. காரைக்கட்டி, உடைந்த செங்கல், செம்பூரான் கல் சரளை. முளைக்காத சட்டி மண்ணையெல்லாம் வருஷா வருஷம் அங்கேதான் கொட்டுவார். குனிந்தவர் நிமிரவில்லை. செங்கல் இடுக்கிலிருந்து கம்பி போல ஏழெட்டுத் தண்டு விசிறியாகக் கிளம்பி நின்றது. அதே சீரக இலை. ஒருவரும் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. ஒரு கோடையைத் தாண்டி உயிரோடு நின்றது.

முதலில் கை தானாகவே பெயர்த்தெடுக்கப் போனது. ஆணிவேர் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார். எரு வைக்கலாமா என்று யோசித்தார். வேண்டாம். பந்தல்? வேண்டாம். ஆடு வராமல் நாலு முள்ளை மட்டும் சுற்றி வைத்தார். பிறகு தினமும் போய்ப் பார்ப்பதும், எதுவும் செய்யாமல் திரும்புவதும்தான் வேலை. வாழ்நாளில் அதைவிடக் கஷ்டமான வேலை செய்ததில்லை என்று என்னிடம் சொன்னார்.

கார்த்திகையில் சுல்தானின் கடிதம் வந்தது. கடையை விட்டாயிற்று, அனுமதியும் முடிகிறது, மாசியில் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். 'இருபது வருஷம் இங்கே இருந்ததற்கு வெறுங்கையோடுதான் வருகிறேன் அக்கா. நம் கொல்லையில் நாற்பது செடி நீலமாக நிற்கிறதே, அது ஒன்றுதான் நான் அங்கே கொண்டுவந்து சேர்த்த பொருள். அதைப் பார்க்க வேண்டும்.'

நிஷா கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்து, முந்தானையில் முடிந்துகொண்டார். சாரா உம்மாள் செங்கல் குவியலைப் பார்த்தார். நாற்பது இல்லை, ஒன்று. அந்த ஒன்றும் இதுவரை பூத்ததில்லை.

மார்கழிப் பனியில் செடி இன்னும் தண்டு விட்டது. தை பிறந்ததும் நுனிகளில் மிளகளவு மொட்டுகள், நாணிக் குனிந்தபடி. தை இருபதாம் தேதி வாக்கில், விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டுப் போனவர் பார்த்தார்: ஒரு மொட்டு நிமிர்ந்து, முறுக்கிய குடை பிரிவது போலப் பிரிந்துகொண்டிருந்தது. ஐந்து இதழ். சலவை நீலத்தில் ஒரு சிட்டிகையை ஒரு குடம் தண்ணீரில் கரைத்த நிறம். நடுவில் வெள்ளை, இதழில் நரம்பு கோடுகோடாக. "நிஷா! நிஷா!" என்று போட்ட சத்தத்தில் பிச்சையம்மாளும் கறவையை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"இதுக்கா ஏழு வருசம்?" என்றார் பிச்சையம்மாள். ஆனால் அவரும் நகரவில்லை.

சோறு வடித்துவிட்டு நடுப்பகலில் மறுபடி வந்து பார்த்தபோது பூ இல்லை. இதழ்கள் கீழே செங்கலின் மேல் கிடந்தன. பூனை தட்டிவிட்டதோ என்று நினைத்தார். மறுநாள் இரண்டு பூ விரிந்தது. ஏன் அக்கா விடுவாரா? கவிழ்த்துப் போட்ட உரலில் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது. காற்று இல்லை, பூனை இல்லை. பதினோரு மணி வாக்கில் ஒரு இதழ் தானாகக் கழன்றது. பிறகு இன்னொன்று. பன்னிரண்டுக்குள் எல்லாம் உதிர்ந்து, பச்சைக் குமிழ் மட்டும் நின்றது. மூன்றாம் நாளும் அப்படியே. இதன் சுபாவமே இதுதான். காலையில் பூத்து மதியத்துக்குள் உதிர்வது.

அதைக் கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். 'மஃரிபுக்கு அப்புறம் அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடிக்கிறோம்' என்றுதானே எழுதினோம்? இந்தப் பூவை ஒரு நாள் பார்த்தவனுக்குக்கூட அது பொய் என்று தெரியுமே. அப்படியானால் சுல்தானுக்கு அந்தக் கடிதத்திலேயே தெரிந்திருக்கும். தெரிந்தும் ஏன் ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தான்? தெரியவில்லை என்றால், பூவையே பார்க்காமல் ஆகாசம் என்று ஏன் சொன்னான்? மானம் போகப்போகிறது என்ற பயம் ஒரு பக்கம். எது நிஜம் என்று தெரிந்துகொள்ளும் துடிப்பு இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று சொல்ல முடியாமல் மாசி வரைக்கும் தவித்தார்.

கப்பலிறங்கி, போட் மெயில் ரயிலில் புதுக்கோட்டை வந்து, பஸ் பிடித்து, சுல்தான் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஐந்து. ஒரு டிரங்குப் பெட்டி. தலை நரைத்திருந்தது. நிஷா கதவோரம் நின்று முகத்தை மூடிக்கொண்டார். "இருங்க, அஸர் போயிரும், ஒளு செஞ்சுட்டு வாரேன்" என்று சுல்தான் தப்பித்துக் கொல்லைக்குப் போனார். தாம்பாளத்தில் ஒளு செய்தார். தண்ணீரை எங்கே ஊற்றலாம் என்று பார்த்தவர், குவியலில் நின்ற செடியைக் கண்டு அதன் பக்கம் சாய்க்கப் போனார்.

"அங்கிட்டு ஊத்தாதீங்க!"

ஏழு வருஷம் கழித்து நிஷா கணவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். சுல்தான் தாம்பாளத்தோடு அப்படியே நின்றுவிட்டார். பிறகு சிரித்தார். நிஷாவும் சிரித்துவிட்டார்.

தொழுதுவிட்டு வந்து செடியருகே குந்தினார். கீழே வாடிய இதழ்களை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். சாரா உம்மாள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன்க்கா, நாப்பதுன்னு எழுதுனே?"

"ஒண்ணுதான். அதுவும் போன மாசந்தான் பூத்துச்சு. எழுதுனது அம்புட்டும் பொய்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "அது கெடக்கட்டும். நான் ஒண்ணு கேக்கணும். நீ இந்தப் பூவப் பாத்திருக்கியா, இல்லையா?"

"விரிஞ்சு பாத்ததில்லக்கா" என்றார் சுல்தான். "விடியுமுன்னே கடை தெறக்கணும். தோட்டத்து ஆளுக வேலைக்குப் போறப்பத்தானே யாவாரம். பன்னெண்டு மணிக்கு மேலதான் பங்களாவுக்குச் சாமான் கொண்டுபோவேன். அப்ப நடை முழுக்க நீலமா உதுந்து கெடக்கும். தோட்டக்காரரு மரியசெல்வம் கூட்டிக்கிட்டே சொல்லுவாரு, 'ஒரு நா காலையில வந்து பாருய்யா, ஆகாசத்தப் பிச்சுப் போட்ட மாதிரி இருக்கும்'னு. போகணும் போகணும்னு பதிமூணு வருசம் ஓடிருச்சு."

"அப்ப உதிர்றது ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"மஃரிபுன்னு நான் எழுதுனப்பவே..."

"அப்பவே தெரியும்."

"அட பாவி! ஏன்டா சொல்லல? ஏன் கேட்டுக்கிட்டே இருந்தே?"

"நீ என்ன எழுதப்போறேன்னு பாக்கத்தான்" என்றார் சுல்தான். "மத்த நேரமெல்லாம் நீ நாலு வரிதான் எழுதுவே. நலம், மழை இல்ல, நிஷா நலம். பூவப் பத்திக் கேட்டா ரெண்டு பக்கம் வரும். அதக் கடையில வாசிப்பேன், கேக்கவே ஆளு வரும். பால் நீலமாக் கறந்துச்சுன்னு எழுதுனியே, மரியசெல்வம் அன்னைக்குச் சிரிச்சு மாவு மூட்டை மேல விழுந்தாரு."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தலை எழும்பியது. "யாரு மாட்டுப் பாலு?" என்றார் பிச்சையம்மாள். "ஏன்டி சாரா, பால்ல தண்ணி கலந்தாத்தானே நீலம் ஓடும்? எம் பால இலங்கை வரைக்கும் நாறடிச்சிருக்கியா நீ?"

அந்தச் சண்டை ஓய ஒரு வாரம் ஆனது.

மறுநாள் விடியற்காலையில் சுபுஹு முடித்துவிட்டு, அக்காவும் தம்பியும் நிஷாவும் கொல்லைக்குப் போனார்கள். ஏழு பூ விரிந்தது. சுல்தான் முட்டிமேல் கை வைத்துக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இம்புட்டுக்காண்டு பூவா?" என்றார் கடைசியில். "மரியசெல்வம் என்னமோ ஆகாசம் அது இதுன்னாரே."

"நான் ஒனக்குக் கடுதாசி எழுதுனாப்புலதான் அவரும் சொல்லியிருப்பாரு" என்றார் சாரா உம்மாள். சொல்லிவிட்டு, ஒவ்வொரு பூவும் எந்த நேரத்தில் உதிர்கிறது என்று பார்க்க உரலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுல்தானும் உட்கார்ந்தார். அன்று அவருக்குத் திறக்க வேண்டிய கடை எதுவும் இல்லை.

இது 1965. சாரா உம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. அன்னவாசலில் தம்பி குடும்பத்தோடு அதே வீட்டில் இருக்கிறார். சுல்தான் கீரனூர் பஸ் நிற்கும் இடத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நிஷாவுக்கு மூன்று வயதில் ஒரு மகள். முதல் செடி நாலு வருஷத்துக்கு மேல் பூத்து, போன வருஷம் சித்திரையில் பட்டுப்போனது. அதன் விதை தானாக விழுந்து முளைத்ததில் ஆறு செடிகள் குவியலில் நிற்கின்றன.